லயத்து நாய்: நாம் நம்புவதும் நடப்பதும்

பூண்டுலோயாவில் விடிகாலைப் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறுகிறவர்களுக்கு முன்னால் நாய்கள் போகும். டன்சினன் பக்கமானாலும், சீன், ஹெரோ பக்கமானாலும் காட்சி ஒன்றுதான். படங்கு கட்டி, கூடையை மாட்டிக்கொண்டு பெண்கள் நடக்க, லயத்து நாய்கள் இரண்டு மூன்று கங்காணிபோல முன்னே ஓடும். கொழுந்து எடுக்கும் நேரமெல்லாம் பாதையோரத்தில் சுருண்டு கிடக்கும். ஆட்கள் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தால் எழுந்து வரும். ரொட்டியின் ஓரம் ஒன்று அதற்குக் கிடைக்கும். யாருடைய நாய் என்று கேட்டால், 'நம்ம லயத்து நாய்' என்பார்கள். அதே நாய் ஒருவரைக் கடித்துவிட்டால், 'அது கட்டாக்காலி' என்பார்கள்.

இந்த இரண்டு பதில்களும் நாயைப் பற்றிய நம் அறிவின் இரண்டு முனைகள். கூடவே வாழ்கிறோம், ஆனால் கவனித்துப் பார்த்ததில்லை. பழமொழி, பாட்டி சொன்ன கதை, பக்கத்துக் காம்பிராவில் செய்த கைமருந்து என்று சேர்ந்ததைத்தான் அறிவாக வைத்திருக்கிறோம். அவற்றை ஆய்வுகளோடு ஒப்பிட்டால் சில நிற்கின்றன, பல விழுகின்றன. விழுபவற்றில் சில வெறும் தவறுகள். சில ஆளையே கொல்லும் தவறுகள்.

குரைப்பும் வாலும்

'குரைக்கிற நாய் கடிக்காது' என்பது வாய்ச்சவடால் மனிதர்களுக்குப் பொருந்தலாம்; நாய்க்குப் பொருந்தாது. குரைப்பு பல வேலைக்கு உதவும் சத்தம். அன்னியரைக் கண்டால் ஒரு விதம், கூட்டாளியைக் கூப்பிட ஒரு விதம், கட்டிப்போட்ட சலிப்பில் ஒரு விதம். பயத்தில் குரைக்கும் நாய் 'தள்ளி நில்' என்கிறது. பழமொழியை நம்பி இன்னும் நாலு எட்டு வைத்தால், ஒதுங்க இடமில்லாத நாய் கடிக்கத்தான் செய்யும்.

கடிக்கு முன்னால் அது பேசும் மொழியில் பெரும்பகுதி சத்தமில்லாதது. இஸ்தோப்பு மூலையில் பழைய சாக்கின்மேல் குட்டிகளோடு கிடக்கும் ஒரு பெட்டை நாயை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையொன்று குட்டியைத் தூக்கக் குனிகிறது. நாய் முதலில் முகத்தை அப்பால் திருப்பும். பிறகு மூக்கு நுனியை ஒருதரம் நக்கிக்கொள்ளும். தூக்கமே இல்லாத நேரத்தில் ஒரு கொட்டாவி விடும். பிள்ளை இன்னும் கிட்டப் போனால், தலை அசையாமல் கண் மட்டும் அந்தக் கையோடு நகரும்; கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரியும். அடுத்து உடம்பு விறைக்கும். அதற்குப் பிறகுதான் உறுமல். உறுமலுக்கும் பிறகுதான் பல். பார்த்துக்கொண்டிருந்தவர்களோ, 'சும்மா கிடந்த நாய் திடீர்னு கடிச்சிருச்சு' என்பார்கள். ஆறு தடவை சொல்லிவிட்டுத்தான் கடித்திருக்கிறது.

உறுமியதற்காக நாயை அடிப்பது இதைவிடப் பெரிய பிழை. அடி வாங்கிய நாய் உறுமுவதைத்தான் விடும், பயத்தை விடாது. அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே பல் பதியும்.

வாலை ஆட்டினால் நட்பு என்பதும் பாதி உண்மைதான். 2007இல் இத்தாலியின் பாரி பல்கலைக்கழகத்தார் 30 நாய்களின் வாலசைவை அளந்தார்கள். எசமானைக் கண்டபோது வால் வலப்பக்கம் அதிகம் சாய்ந்தது; அறிமுகமில்லாத முரட்டு நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது. இரண்டும் ஆட்டல்தான், சேதி வேறு. விறைத்து உயர்ந்து சிறிதாகத் துடிக்கும் வால் ஒன்று. இடுப்போடு சேர்ந்து தளர்ந்து ஆடும் வால் இன்னொன்று. காலிடுக்கில் பதுங்கி நுனி மட்டும் அசையும் வால் மூன்றாவது. எசமான் கையால் காயம்பட்ட பிறகும் வால் குழைக்கும் நாயை நாலடியார் நல்ல நட்புக்கு உவமையாக்குகிறது. கவனித்தவர் கண் கூர்மையானது. ஆனால் அந்த வாலில் அன்போடு 'இனி அடிக்காதே' என்ற கெஞ்சலும் இருக்கும் என்பதை இன்றைய நடத்தையியல் சேர்த்துச் சொல்லும்.

கூண்டு ஓநாயும் தொரைத்தனமும்

'நாய்க்கு நாமதான் தொரைன்னு காட்டணும், இல்லாட்டி நம்ம தலைமேல ஏறும்.' இதுவும் அடிக்கடி கேட்கிற பேச்சு. இதற்கு ஒரு விஞ்ஞான வேரும் உண்டு. 1947இல் ரூடோல்ஃப் ஷெங்கெல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் மிருகக்காட்சிசாலை ஓநாய்களைப் பார்த்து எழுதினார். அவை ஓயாமல் மோதின. வென்றது தலைமை ஏற்றது. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய் நூல் இந்தத் 'தலைமை ஓநாய்' கருத்தை உலகெங்கும் பரப்பியது. நாயும் ஓநாய் வழி வந்ததுதானே என்று, அதை அடக்கியாள வேண்டும் என்ற பயிற்சி முறைகள் கிளம்பின.

அதே மெக் பின்னாளில் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைக் கோடைதோறும் நேரில் பார்த்தார். அங்கே சண்டையிட்டு முடிசூடிய தலைவன் எவனும் இல்லை. கூட்டம் என்பது தாயும் தகப்பனும் அவற்றின் குட்டிகளும்தான். 1999இல் தம் பழைய கருத்தைத் தாமே திருத்தி எழுதினார். பாசெலில் இருந்தவை அங்கிருந்தும் இங்கிருந்தும் கொண்டுவந்து ஒரே கூண்டில் அடைத்த ஓநாய்கள். அவற்றின் சண்டை கூண்டின் குணம், ஓநாயின் குணம் அல்ல.

அடைத்து வைக்கப்பட்ட கூட்டத்தைப் பார்த்துவிட்டு 'இவர்கள் இயல்பே இப்படித்தான்' என்று எழுதிவிடும் பிழை மலையகத்தாருக்குப் புதிதல்ல. எட்டுக்குப் பத்து காம்பிராவில் தலைமுறைகளை அடைத்துவிட்டு, நம் முன்னோரைப் பற்றி எத்தனை தொரைமார் அப்படி எழுதினார்கள்! நம்மைப் பற்றிச் சொன்னபோது பொய் என்று தெரிந்த ஒன்றை நாயைப் பற்றிச் சொல்லும்போது நாம் ஏன் நம்ப வேண்டும்?

அடி பலன் தருமா என்பதற்கும் அளவு உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், நடத்தைச் சிக்கலுக்காகத் தங்களிடம் கொண்டுவரப்பட்ட நாய்களின் சொந்தக்காரர்களிடம் விசாரித்து 2009இல் வெளியிட்டார்கள். அடிக்கவோ உதைக்கவோ பட்ட நாய்களில் 43 சதவீதம் திருப்பிச் சீறியிருந்தன. நல்லது செய்தபோது தீனியும் பாராட்டும் கொடுத்துப் பழக்கிய இடங்களில் அந்தச் சீற்றம் அரிதாக இருந்தது.

திருடித் தின்ற நாய் 'குற்ற உணர்ச்சியில்' தலை குனிகிறது என்பதையும் அதே ஆண்டில் சோதித்தார்கள். நியூயார்க்கின் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்துப் பார்த்தார். தின்னாத நாயையும் சொந்தக்காரர் ஏசியபோது அது அதே முகத்தைக் காட்டியது. சொல்லப்போனால் குற்றமற்ற நாய்தான் கூடுதலாகக் குறுகியது. அந்த முகம் நம் கோபத்துக்கான பதில். செய்த பிழையின் நினைவு அல்ல. மலையிலிருந்து மாலையில் வந்து, காலையில் கவிழ்த்த சட்டிக்காக நாயை அடித்தால், வீடு திரும்பும் ஆளுக்குப் பயப்படத்தான் அது கற்றுக்கொள்ளும்.

ஊளை

நாய் ஊளையிட்டால் சாவு விழும், எமன் வருவது அதன் கண்ணுக்குத் தெரியும் என்பார்கள். ஊளை தூரத்துக்கான குரல். பிரிந்த கூட்டாளியைத் தேட, வேறு நாய்க்குப் பதில் சொல்ல, தனிமையைச் சொல்ல எழுவது. பள்ளத்தாக்கில் சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பும். ஸ்டோர்ச் சங்கு ஊதினாலும் ஒரு டிவிசன் நாய் எடுத்துக்கொடுக்க மறு டிவிசன் நாய் தொடரும். சாவு விழாத நூறு ஊளைகளை நாம் மறந்துவிடுகிறோம். விழுந்த ஒன்றை மூன்று தலைமுறைக்குச் சொல்கிறோம். நாய்க்கு எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்பதும் இப்படித்தான்: நீலமும் மஞ்சளும் அதற்குத் தெரியும், சிவப்பும் பச்சையும்தான் பிரியாது. கொழுந்துப் பச்சையிலிருந்து சிவப்புச் சேலையை அது நிறத்தால் பிரிப்பதில்லை. நடையாலும் வாசத்தாலும் ஆளைத் தெரிந்துகொள்கிறது.

சோறு, சொறி, குட்டி

சோறும் ரொட்டியும் நாய்க்கு ஆகாது, இறைச்சிதான் அதன் தீனி என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2013இல் நாயின் மரபணுவையும் ஓநாயின் மரபணுவையும் ஒப்பிட்டார்கள். மாப்பொருளைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயில் 2 பிரதிகளே இருக்க, நாய்களில் 4 முதல் 30 வரை இருந்தது. மனிதன் விதைத்துத் தின்னத் தொடங்கியபோது அவன் எச்சிலைத் தின்ற மிருகமும் உள்ளுக்குள் மாறியிருக்கிறது. ஆகவே ரொட்டி குற்றமில்லை; ரொட்டி மட்டும் என்பதுதான் குற்றம். முட்டை, கருவாட்டுத் தலை, பருப்பு என்று கொஞ்சம் புரதம் சேர்ந்தாக வேண்டும்.

உண்மையான நஞ்சு வேறு இடத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரில் பூண்டு இருந்தாலும் வெள்ளைப்பூண்டு நாய்க்குப் பகை. பூச்சிக்கும் உண்ணிக்கும் மருந்தென்று பூண்டை அரைத்துப் புகட்டுகிறவர்கள் உண்டு. பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் செங்குருதிக் கலங்களை உடைத்துச் சோகையில் தள்ளும். சொக்லேட்டும் திராட்சையும் அதே பட்டியல். சமைத்த கோழி எலும்பு ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

சொறி பிடித்த நாய்க்கு லொறியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஓயில் பூசுவது மலையெங்கும் நடக்கிறது. சொறிக்குக் காரணம் தோலுக்குள் குடியேறும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி வகை. ஓயில் தோலைப் பொசுக்கும். நாய் அதை நக்கி விழுங்கும். ஈரலும் சிறுநீரகமும் கெடும். மிருக வைத்தியர் தரும் மாத்திரையோ ஊசியோ சில வாரத்தில் முடிக்கிற வேலை இது.

பெட்டை நாய் ஒருதரமாவது குட்டி போட்டால்தான் ஆரோக்கியம் என்பதற்கு எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை. சினைக்காலம் சுமார் 63 நாள், ஆண்டுக்கு இரண்டு தடவை பருவம். கணக்கு வேகமாக ஏறும். கடுவன் குட்டிகளுக்கு ஆள் கிடைக்கும். பெட்டைக் குட்டிகள் சாக்கில் கட்டி பஸார் பக்கமோ பாலத்தடியிலோ விடப்படும். அவற்றில் பிழைத்தவைதான் அடுத்த ஆண்டு நாம் ஏசும் கட்டாக்காலிகள். குட்டி மனிதரோடு பழகக் கற்கும் பருவம் மூன்றாம் வாரம் முதல் ஏறக்குறைய பதினான்காம் வாரம் வரைதான். அந்த நாட்களைச் சாக்கிலும் சங்கிலியிலும் கழித்த குட்டி, வளர்ந்தபின் எல்லோரையும் கண்டு பயப்படும். பயப்படும் நாய்தான் கடிக்கும் நாய்.

நாய் இருந்தால் சிறுத்தை வராதா?

நுவரெலியா மலைகளில் நாயின் சரித்திரம் வேட்டையோடு தொடங்குகிறது. 1840களின் கடைசியில் இங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கொண்டுவந்து மரை வேட்டையாடினார். அதைப் பற்றி நூலே எழுதினார். பிறகு வந்த பங்களா நாய்க்குப் பெயரும் வைத்தியமும் கிடைத்தன. லயத்து நாய்க்குக் கல்தான் கிடைத்தது. காவலுக்கு என்று அதை இரவில் வெளியே விடும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

நாய் குரைத்து ஆளை எழுப்பும் என்பது சரி. சிறுத்தையைத் தடுக்கும் என்பது தவறு. நாய்தான் அதற்கு இரை. மகாராஷ்டிராவின் அகோலே பகுதி வயற்காட்டில் வாழும் சிறுத்தைகளை வித்யா ஆத்ரேயா குழுவினர் ஆராய்ந்தார்கள். சிறுத்தை தின்றவற்றின் எடையில் 39 சதவீதம் நாய் என்று 2016இல் வெளிவந்தது. தேயிலைச் செடி மறைவும் லயத்தோரக் குப்பைக் குழியும் உள்ள இடத்தில் தொடர்ச்சி எளிது: குப்பை நாயைக் கூட்டும், நாய் சிறுத்தையைக் கூட்டும், பயந்த மனிதன் கம்பிச் சுருக்கு வைப்பான். பன்றிக்கென்று வைத்த சுருக்கும் அதையே செய்யும். 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்சபான தோட்டத்தில் சுருக்கில் அகப்பட்ட அபூர்வமான கருஞ்சிறுத்தை சில நாளில் செத்தது. அதே கம்பியில் லயத்து நாய்களும் இடுப்பு அறுபடுகின்றன. இரவில் நாயை உள்ளே எடுப்பதும் குப்பையைப் புதைப்பதும் இரண்டு மிருகங்களையும் காக்கும்.

மிளகாய்த்தூளா, சவர்க்காரமா?

இனி, ஆளைக் கொல்லும் தவறுகள். விசர்நாய்க் கடியால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. மனிதருக்கு வரும் தொற்றில் 99 சதவீதம் நாய் வழியாக. கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள். இலங்கையில் 1973இல் மட்டும் 377 பேர் மாண்டார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடும் இயக்கமும் அரச ஆஸ்பத்திரிகளின் இலவச சிகிச்சையும் அந்த எண்ணை அண்மை ஆண்டுகளில் 20, 30 என்ற அளவுக்கு இறக்கின. மிஞ்சிய சாவுகள் பெரும்பாலும் மருந்து இல்லாததால் வருபவை அல்ல. கடிபட்டவர் மருந்திடம் போகாததால் வருபவை.

ஏன் போவதில்லை? முதலில் கைமருந்து. காயத்தில் மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மஞ்சள் என்று வைத்துக் கட்டுவார்கள். எரிந்தால் விஷம் முறிகிறது என்று எண்ணம். எரிவது காயம், கிருமிக்கு ஒன்றுமில்லை. அந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. எண்ணெய்ச் சட்டியைக் கழுவும் சவர்க்காரம் எப்படி எண்ணெயை உடைக்கிறதோ, அப்படியே அந்த உறையையும் உடைத்துவிடும். ஓடும் தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, 15 நிமிடம் கழுவச் சொல்வது இதனால்தான். மிளகாய்த்தூள் வைத்தவர் அந்தக் கழுவலைத்தான் இழக்கிறார்.

இரண்டாவது காரணம், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம். அது பொய்யல்ல, பழசு. டேவிட் செம்பிள் 1911இல் வகுத்த முறைப்படி ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்த மருந்தைக் குன்னூர் பாஸ்டர் நிலையம் போன்ற இடங்கள் பல்லாண்டு தயாரித்தன. இந்தியாவே 2004இல் அதைக் கைவிட்டது. இப்போதையது கையில் போடும் சில ஊசிதான். ஆழமான கடியானால் காயத்தைச் சுற்றி ஒரு மருந்தும் சேரும்.

மூன்றாவது, 'நம்ம நாய்தானே', 'குட்டிதானே', 'கீறல்தானே' என்ற சமாதானம். தெரிந்த நாய்க்கும் விசர் வரும், குட்டிக்கும் வரும். தோல் கீறி இரத்தம் வராத காயமும் கவனிக்கப்பட வேண்டிய காயம்தான். விசர் நாய் என்றால் நுரை தள்ளி ஓடும் என்பதும் பாதிதான். தாடை தொங்கி, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் ஊமை விசரும் உண்டு. கிருமி நரம்பின் வழியே மூளைக்கு ஏற வழக்கமாக இரண்டு மூன்று மாதம் எடுக்கும், ஒரு வாரமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். அந்த அமைதியை 'கைமருந்தில் சுகமாகிவிட்டது' என்று நாம் வாசிக்கிறோம். அடையாளம் தெரிந்தபின் மீட்பு அனேகமாக இல்லை. நோயாளி நாய்போலக் குரைப்பதும் இல்லை: தொண்டைத் தசை இழுத்துப் பிடிப்பதால் குரல் அப்படிக் கரகரக்கிறது. தண்ணீரைக் கண்டு வெறுப்பதும் இல்லை. விழுங்கும்போது அதே தசை துடிக்கும் வேதனை அது.

நாலாவது, கடித்த நாயை அந்த இடத்திலேயே தலையில் அடித்துக் கொல்வது. நாயின் மூளைதான் சாட்சி. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பரிசோதிப்பது அதைத்தான். மண்டை சிதைந்தால் சாட்சி போச்சு. உயிரோடு இருந்தால் இன்னும் நல்லது. நோயுற்ற நாயின் எச்சிலில் கிருமி வருவது அதன் கடைசி நாட்களில்தான் என்பதால், கடித்து 10 நாள் கழித்தும் சுகமாக இருக்கும் நாய் அந்தக் கடியால் விசரைத் தந்திருக்காது. ஆனால் அந்தப் பத்து நாளை வீட்டில் இருந்து எண்ணக்கூடாது. ஊசியை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது வைத்தியரின் தீர்மானம்.

தோட்டத்தில் இந்தத் தீர்மானத்துக்கு ஒரு விலை இருக்கிறது. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகும் நாளெல்லாம் பேர் இல்லை, அந்த நாள் சம்பளம் இல்லை. பஸ் காசு வேறு. மருந்து இலவசம், போய் வருவது இலவசமல்ல. அறியாமை என்று நாம் எழுதிவிடும் பல தாமதங்களின் உள்ளே இந்தக் கணக்குதான் இருக்கிறது. கடிபட்டவருக்குப் போகும் நாட்களில் பேர் கொடுப்பதும் தோட்டத்து வாகனம் விடுவதும் நிர்வாகங்கள் செய்யக்கூடிய சிறிய காரியங்கள்.

யாருடைய நாய்?

நாயைக் கொன்று விசரை ஒழிக்கலாம் என்ற நம்பிக்கை சட்டமாகவே இருந்தது. 1893இல் விசர்நாய்க்கடிச் சட்டமும் 1901இல் நாய்ப் பதிவுச் சட்டமும் வந்தன. நூறு ஆண்டுக்கு மேல் சுட்டும் பிடித்தும் கொன்றார்கள், நாய் குறையவில்லை. கொன்ற இடத்துக்கு அடுத்த மலை நாய் வரும், அது ஊசி போடாத நாயாகவும் இருக்கும். 2006இல் இலங்கை அந்தக் கொலையை நிறுத்தியது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் தலைநகர்ப் பகுதித் தெருநாய்களை ஒட்டுமொத்தமாக அகற்றச் சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவும், அதே மாதம் 22ஆம் திகதி, கருத்தடையும் ஊசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று திருத்தப்பட்டது. விசர் பிடித்தவையும் கொடூரமாகத் தாக்குபவையும் மட்டும் விலக்கு. ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் தொற்றுச் சங்கிலி அறும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட அளவு.

அந்த 70 சதவீதம் லயத்தில் எப்படி வரும்? ஊசி போட ஆள் வரும் நாளில் கழுத்தில் கயிறு போட்டுப் பிடித்து நிற்க ஒருவர் வேண்டும். 'நம்ம லயத்து நாய்' என்று சொன்ன பத்துக் காம்பிராவில் ஒருவராவது அன்றைக்கு நிற்க வேண்டும். ரொட்டியின் ஓரத்தைக் கொடுத்த கை கயிற்றையும் பிடிக்க வேண்டும்.

அதுவரைக்கும் ஒன்றே ஒன்றை நினைவில் வையுங்கள். ஒவ்வொரு லயத்திலும் தண்ணீர்ப் பீலி இருக்கிறது. பீலிக் கல்லில் துணி துவைத்த சவர்க்காரத் துண்டு இருக்கிறது. நாய் கடித்தால் முதலில் ஓட வேண்டிய இடம் அதுதான். பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.